40 வகை டிரெய்னர்: முதலில் மாற்ற வேண்டியது இறக்கையா, சக்கரமா?

3 மார்ச் 2023, கேள்வி

அண்ணா, பழைய 40 வகை பால்சா டிரெய்னர் (ரேடியோவில் ஓட்டிப் பழகும் மாதிரி விமானம்) ஒன்று கைமாறி வந்திருக்கிறது. இறக்கை 160 செ.மீ., மூன்று சக்கரம், எஞ்சினைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தார்கள். எலெக்ட்ரிக் ஆக்கப் போகிறேன். இறக்கை நடுவில் மடிந்து இரண்டு பக்கமும் மேலே தூக்கியிருப்பது பொம்மை மாதிரி இருக்கிறது. அதைத் தட்டையாக்கிவிட்டால் ரோல் எல்லாம் நன்றாக வரும், அப்புறம் வேறு விமானமே வாங்க வேண்டாம் என்கிறார் பழக்கமான ஒருவர். பறக்கவிடும் இடம் எங்கள் ஊர்க் கண்மாய், சிவகங்கைப் பக்கம். செய்யலாமா?

3 மார்ச், இரவு

வேண்டாம். இறக்கையைத் தொடாதீர்கள். காரணத்தை நாளை எழுதுகிறேன், அதற்குள் ரம்பத்தை எடுத்துவிடாதீர்கள் தம்பி.

4 மார்ச்

அந்த மடிப்புக்கு டைஹீட்ரல் என்று பெயர். விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமாகவே வழுக்கும். வழுக்கும்போது காற்று பக்கவாட்டிலிருந்தும் வந்து மோதும். மடிந்த இறக்கையில் தாழ்ந்த பாதி அந்தக் காற்றைக் கூடுதல் கோணத்தில் வாங்குகிறது. அங்கே தூக்குவிசை கூடுகிறது, விமானம் தானாக நிமிர்கிறது. முதல்முறை பறக்கவிடுகிறவர் எந்தப் பக்கம் ரேடியோக் குச்சியைத் தள்ளுவது என்று தெரியாமல் திகைத்து நிற்கும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் விமானத்தைக் காப்பாற்றுவது இதுதான். தட்டை இறக்கைக்கு இந்தக் குணம் அனேகமாக இல்லை. இறக்கை உடலுக்கு மேலே இருப்பதால் கொஞ்சம் நிமிரும், அவ்வளவே.

இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1937-ல் 'கஃப்' என்ற விமானத்தை ரேடியோவில் ஓட்டினார்கள். அது இன்று அங்குள்ள தேசிய வான்-விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகும் நெடுங்காலம் சாதாரண ஆட்களிடம் இருந்தது ஒற்றைச் சேனல் ரேடியோதான். ரட்டர், அதாவது வாலின் செங்குத்துப் பலகை, மட்டும் அசையும். முறுக்கிய ரப்பரில் ஓடும் ஒரு சின்னப் பொறி, பொத்தானை அழுத்தினால் வாலை ஒரு பக்கம் தள்ளும், விட்டால் நடுவுக்கு வரும். எய்லரான், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசைந்து விமானத்தைச் சாய்க்கும் பலகை, கிடையாது. ரட்டரால் மூக்கைத் திருப்பினால் இறக்கை தானே சாய்ந்து விமானம் வளைய வேண்டும் என்றால் டைஹீட்ரல் இல்லாமல் முடியாது. எய்லரான் வந்த பிறகும் டிரெய்னர்களில் அதைக் குறைத்தார்களே தவிர எடுக்கவில்லை.

'வேறு விமானமே வாங்க வேண்டாம்' என்ற பேச்சை நம்பாதீர்கள். இந்தப் பொழுதுபோக்கில் அப்படி ஒரு ஆள் இன்னும் பிறக்கவில்லை.

4 மார்ச், மாலை

கோவை நண்பர் எழுதியிருக்கிறார்: அவருடைய டிரெய்னரில் மடிப்பைப் பாதியாகக் குறைத்தாராம், நன்றாகவே பறக்கிறதாம், பக்கக்காற்றில் ஆட்டமும் குறைந்ததாம். சரிதான். டைஹீட்ரல் அதிகமுள்ள இறக்கையைப் பக்கவாட்டுக் காற்று ஒரு பக்கம் தூக்கிவிடும், இறங்கும்போது அது தொல்லை. ஆனால் அவர் அந்த விமானத்தை ஒரு பருவம் முழுக்க ஓட்டிப் பழகிய பிறகு குறைத்தவர். கேட்டவர் இன்னும் தரையைவிட்டுக் கிளம்பவே இல்லை.

வேலையும் சின்னது இல்லை. நடுவில் இரண்டு பாதியையும் இணைக்கும் பிளைவுட் ஜாயினரைப் புதிதாக வெட்ட வேண்டும், இரண்டு பக்க முதல் விலா எலும்புகளையும் புதிய கோணத்துக்குத் தேய்க்க வேண்டும், எபாக்ஸி முழுக்க இறுகும்வரை இரண்டு பாதியும் முறுக்கில்லாமல் நிற்க வேண்டும். ஒரு பாதி ஒரு டிகிரி முறுக்கிக்கொண்டால் ஆயுள் முழுக்க ட்ரிம் போட்டே (குச்சியின் நடுநிலையை ஒரு பக்கம் தள்ளிவைத்தே) ஓட்ட வேண்டியதுதான். தட்டை இறக்கை வேண்டுமென்றால் அடுத்த விமானமாக ஃபில் கிராஃப்ட் வரைந்த 'அக்லி ஸ்டிக்' வகையில் ஒன்றைக் கட்டுங்கள். 1960-களிலிருந்து ஆட்கள் டிரெய்னருக்கு அடுத்துப் போகும் வழி அது.

9 மார்ச்

சரி, வேலைக்கு வருவோம். கைமாறி வந்த விமானத்தில் முதல் வேலை எதையும் மாட்டுவதல்ல, பிடித்து இழுத்துப் பார்ப்பது.

ஒவ்வொரு கீலையும் இழுங்கள். எய்லரான், எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை), ரட்டர் எல்லாவற்றையும் விரலால் பிடித்து வெளியே பிடுங்குகிற மாதிரி நன்றாகவே இழுங்கள். பாதி கட்டி வரும் விமானங்களில் சில கீல்களுக்குப் பசையே போயிருக்காது, வெளியே பார்த்தால் தெரியாது. அடுத்து ஃபயர்வால், அதாவது மூக்கில் எஞ்சினைத் தாங்கும் பிளைவுட் சுவர். எஞ்சின் ஓடிய விமானம் என்பதால் எண்ணெய் மரத்துக்குள் இறங்கியிருக்கும், எண்ணெய் குடித்த பிளைவுட்டில் பசை பிடிக்காது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் திரும்பத் திரும்பத் துடைத்து, மேல்பரப்பைத் தேய்த்து, உட்பக்க மூலைகளில் முக்கோணப் பால்சாக் குச்சியை அரை மணி நேர எபாக்ஸியில் ஒட்டுங்கள். ஐந்து நிமிட எபாக்ஸி இங்கே வேண்டாம், அது சீக்கிரம் நொறுங்கும். அரை மணிச் சரக்கு கிடைக்காவிட்டால் வன்பொருள் கடையில் இருக்கும் சாதா அரால்டைட் போதும், ஆனால் ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். ஃபெவிகுவிக்கைச் சின்னப் பால்சா விரிசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் எடை போடுங்கள், மோட்டார், பேட்டரி எதுவும் இல்லாமல். எண்ணை இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.

9 மார்ச், சற்று நேரம் கழித்து

வெறும் கூடு 1,480 கிராம், சர்வோக்கள் (பலகைகளை அசைக்கும் சின்ன மோட்டார்கள்) உள்ளேயே இருக்கின்றன என்கிறார். நல்ல செய்தி. மோட்டார், இ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), ரிசீவர், 4 எஸ் (நான்கு செல்) பேட்டரி எல்லாம் சேர்த்து 2.5 கிலோவுக்குள் நிறுத்தலாம்.

ஏன் எடையிலேயே நிற்கிறேன் என்று கேட்டால், இந்தக் கணக்குக்காக. இறக்கைப் பரப்பு சுமார் 46 சதுர டெசிமீட்டர். 2.5 கிலோவுக்குச் சதுர டெசிமீட்டருக்கு 55 கிராம் போல வருகிறது. அயோவா மாநிலம் மான்டஸூமாவில் இருந்த சிக் நிறுவனத்தின் கேடட் எல்.டி.-40 அதே எஞ்சின் வகுப்புதான், ஆனால் 70 அங்குல இறக்கை, 900 சதுர அங்குலம். அதே 2.5 கிலோவுக்கு 43 கிராம்தான் வரும். அதனால்தான் அது அவ்வளவு மெதுவாக மிதந்து வந்து இறங்குகிறது.

உங்கள் விமானம் 2.5 கிலோவில் மணிக்கு 31 கி.மீ. போல வேகம் குறையும்போது தூக்குவிசையை இழக்கும். 3 கிலோ ஆனால் 34 கி.மீ. மூன்றுதானே என்று தோன்றும். ஆனால் தரையில் மோதும் ஆற்றல் எடையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது, அந்த வேகத்தின் வர்க்கமே எடையோடு சேர்ந்து ஏறுகிறது. மொத்தத்தில் மோதல் எடையின் வர்க்கமாகப் பெருகும். அரைக் கிலோ கூடுதல் என்றால் 44 சதவீதம் கூடுதல் அடி. வலுவாக இருக்கட்டும் என்று எல்லா இடத்திலும் பிளைவுட் ஒட்டுகிறவர்களின் விமானம் ஏன் அடிக்கடி உடைகிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

20 மார்ச்

எலெக்ட்ரிக் மாற்றம். 40 என்பது 0.40 கன அங்குல எஞ்சின், அதாவது 6.5 சி.சி. அதற்கு ஈடாக 3548 அளவு மோட்டார், 800 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று) அருகில், 4 எஸ் லைப்போ, 60 ஆம்பியர் இ.எஸ்.சி., 12×6 பிராப் (முதல் எண் விட்டம், அடுத்தது பிட்ச், இரண்டும் அங்குலத்தில்). டிரெய்னருக்குக் கிலோவுக்கு 200 வாட் தாராளம், ஆக 500 வாட். சுமையில் பேட்டரி 14 வோல்ட் கொடுத்தால் 36 ஆம்பியர். வாட் மீட்டர் மாட்டித் தரையிலேயே பாருங்கள். 45-ஐத் தாண்டினால் 11×6-க்கு இறங்குங்கள். 4,000 எம்.ஏ.எச். பேட்டரியில் ஐந்தில் நான்கு பங்கைப் பயன்படுத்தினால், பாதி த்ராட்டிலில் பத்து நிமிடம் சொச்சம் கிடைக்கும்.

மோட்டாரை ஃபயர்வாலில் நேரடியாக அறையாதீர்கள். பழைய எஞ்சினின் பிராப் எந்த இடத்தில் நின்றதோ அங்கேயே நிற்க வேண்டும். நாலு அலுமினியத் தூண்கள் அல்லது பிளைவுட் பெட்டி. பழைய எஞ்சின் சைலன்சரோடு நானூறு கிராமுக்கு மேல் இருந்திருக்கும், மோட்டார் 170 தான். அந்த வித்தியாசத்தைப் பேட்டரிதான் முன்னால் போய் ஈடுகட்ட வேண்டும். பழைய எரிபொருள் டேங்க் இருந்த இடமே அதற்கு வாகானது.

இங்கேதான் நிறையப் பேர் சோம்பல்படுகிறார்கள். பேட்டரி மாற்ற ஒவ்வொரு முறையும் இறக்கையைக் கழற்றுவது என்று விட்டுவிடுவார்கள். ஃபயர்வாலுக்குப் பின்னால் மேல்பக்கம் ஒரு மூடி வெட்டி, காந்தம் வைத்து மூடுங்கள். வெட்டிய ஓரங்களுக்கு உள்ளே பால்சாச் சட்டம் கொடுங்கள், இல்லையென்றால் மூக்கு முறுக்கும்.

வெப்பம். ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊர்க் காற்றே 40 டிகிரி, இ.எஸ்.சி.யைக் குளிர்விக்கப் போகும் காற்று அது. முன்னால் ஓட்டை போட்டால் மட்டும் போதாது, வெளியேறும் ஓட்டை நுழையும் ஓட்டையைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதையும் மறக்க வேண்டாம். 40 டிகிரியில் காற்று 15 டிகிரியில் இருப்பதைவிட 8 சதவீதம் மெலிந்தது, இறங்கும் வேகம் 4 சதவீதம் ஏறும். மதியம் இரண்டு மணிக்குப் பறக்கவிட வேண்டாம் என்று சொல்ல இன்னொரு காரணம்.

21 மார்ச்

பழைய எஞ்சினில் 10 அங்குலப் பிராப்தான் இருந்தது என்கிறார் கேட்டவர். இது முக்கியம். 12 அங்குலத்துக்குப் போனால் பிராப் நுனி தரைக்கு 2.5 செ.மீ. நெருங்கிவிடும். கண்மாய்த் தரையில் ஒரு மாட்டுக் குளம்படியே அவ்வளவு ஆழம் இருக்கும்.

ஆகவே சக்கரம். நான் முதலிலேயே சொல்ல நினைத்தது இதைத்தான், இறக்கைப் பேச்சில் இழுத்துவிட்டீர்கள்.

21 மார்ச், இரவு

இந்த வகை விமானங்கள் எல்லாம் வெட்டிச் சீராக்கிய புல்தரைக்காகவோ தார் ஓடுபாதைக்காகவோ வரையப்பட்டவை. மூன்று சக்கர அமைப்பு அங்கே அருமை, நேராக ஓடும், தானாகக் கிளம்பும். கண்மாய் உள்வாயில் என்ன இருக்கிறது? கரிசல் என்றால் விரல் நுழையும் வெடிப்பு. செம்மண் என்றால் ஆட்டுத்தடம், காய்ந்த சேற்றுக்கட்டி. அறுத்த வயல் என்றால் தாள். எங்கே போனாலும் சீமைக்கருவேல முள். முன் சக்கரம் ஒரு வெடிப்பில் விழுந்தால் 4 மி.மீ. கம்பி பின்னால் மடிகிறது, அதன் நெம்புவிசை முழுவதும் ஃபயர்வாலின் கீழ்ப்பாதியில் போய் இறங்குகிறது. கூடவே அதைத் திருப்பும் சர்வோவின் பல் உதிர்கிறது. எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் உடைந்த டிரெய்னர்களில் பாதிக்கு மேல் ஆகாயத்தில் எந்தத் தப்பும் செய்யாதவை.

மாற்றம் எளிது. முன் சக்கரத்தை எடுத்துவிடுங்கள். முதன்மைச் சக்கரங்களை முன்னால் நகர்த்தி, வாலில் ஒரு சின்னச் சக்கரம். இறக்கையின் முன்விளிம்புக்கு நேர் கீழே, அல்லது ஒரு விரல் பின்னால் அச்சு வர வேண்டும். அதற்கும் முன்னால் போனால் தரையில் சுழன்றுகொள்ளும், பின்னால் வந்தால் குப்புற விழும். உடலின் அடியில் அந்த இடத்தில் வெறும் பால்சாதான் இருக்கும், 5 மி.மீ. பிளைவுட் தட்டு ஒன்றை இரண்டு பக்கச் சுவரோடும் பிடித்து ஒட்டுங்கள். முதல் பிளைவுட் சேர்ப்பு இதுதான், கடைசியும் இதுவாகவே இருக்கட்டும். சக்கரம் 90 மி.மீ., இலேசான ஃபோம் வகை. பழைய 65-ஐவிட ஆரம் 12 மி.மீ. கூடும், பிராப்புக்குப் போன இடைவெளியில் பாதி அங்கேயே திரும்பும். மீதிப் பாதிக்கு லேண்டிங் கியர் கம்பியைக் கொஞ்சம் நீளமாக வளைத்துக்கொள்ளுங்கள்.

பைக் டியூப் ஒட்டும் ரப்பர் சொல்யூஷனும் ஒரு பை நிறைய உதிரிச் சக்கரமும் எடுத்துப்போங்கள். கருவேல முள்ளுக்கு ஃபோம் பயப்படாது, காற்றடைத்த சக்கரம் வேண்டாம்.

24 மார்ச்

'இதனால் சி.ஜி. எங்கே போகும்' என்று திருச்சி நண்பர் கேட்கிறார், அதாவது விமானத்தின் சமநிலைப் புள்ளி. கேட்க வேண்டிய கேள்வி. தோராயமாகப் போட்டுப் பார்ப்போம்.

முன் சக்கரமும் கம்பியும் 100 கிராம், சமநிலைப் புள்ளியிலிருந்து 25 செ.மீ. முன்னால் இருந்தவை. எடுத்துவிட்டால் 2,500 கிராம்-செ.மீ. பின்னோக்கி. வால் சக்கரம் 20 கிராம், 85 செ.மீ. பின்னால், 1,700 பின்னோக்கி. முதன்மைச் சக்கரத் தொகுதி 200 கிராம், 10 செ.மீ. முன்னால் நகர்ந்ததால் 2,000 முன்னோக்கி. நிகரம் 2,200 பின்னோக்கி. 2.4 கிலோ விமானத்துக்கு 9 மி.மீ. பின்வாங்கல். 450 கிராம் பேட்டரியை 5 செ.மீ. முன்னால் தள்ளினால் சரியாகிவிடும். மூடியை வெட்டும் முன்பே இந்த 5 செ.மீ.க்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காகத்தான் இவ்வளவு கணக்கு.

இறக்கை அகலம் 28.5 செ.மீ. முதல் பறப்புக்கு முன்விளிம்பிலிருந்து 8 செ.மீ., அதாவது 28 சதவீதம். 9.5 செ.மீ.வரை பின்னால் போகலாம், ஆனால் அது பிற்பாடு. ஈயம் சேர்ப்பது கடைசி வழி.

11 ஏப்ரல்

படம் பார்த்தேன். வேலை சுத்தம். மேல் படலம் மட்டும் தொய்ந்து சுருங்கியிருக்கிறது, ஏப்ரல் வெயிலுக்கு அது அப்படித்தான். இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து, அடியில் பழைய பருத்திச் சாக்ஸைப் போட்டு மெதுவாக இழுங்கள். இரண்டு பாதியையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள், ஒரே பக்கம் இழுத்தால் இறக்கை முறுக்கும்.

மோட்டார் கோணத்தை நேராக வைத்திருப்பது மாதிரித் தெரிகிறது. இரண்டு டிகிரி வலப்பக்கம், இரண்டு மூன்று டிகிரி கீழ்நோக்கி வேண்டும். அடிப்பக்கம் தட்டையான இறக்கை வேகம் கூடினால் மேலே ஏறத் துடிக்கும், கீழ்நோக்கிய கோணம் அதைப் பிடித்து வைக்கிறது. பிராப் சுழற்சியும் பின்னோட்டக் காற்றும் மூக்கை இடப்பக்கம் இழுக்கும், அதற்கு வலக்கோணம். தூணுக்கடியில் வாஷர் வைத்தால் போதும். சோதிக்கும் முறை: உயரத்தில் நேராகப் போகும்போது முழு த்ராட்டில் கொடுத்துப் பாருங்கள். மூக்கு மேலே போனால் கீழ்க்கோணத்துக்கு இன்னொரு வாஷர், இடப்பக்கம் போனால் வலக்கோணத்துக்கு.

12 ஏப்ரல்

அனுமதி பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். 2021 ட்ரோன் விதிகளில் 25 கிலோவுக்கு உட்பட்ட, கண்பார்வைத் தூரத்துக்குள் பொழுதுபோக்குக்காகவோ படிப்புக்காகவோ ஓட்டும் மாதிரி விமானம் தனி வகை, வகைச் சான்றிதழ் தேவையில்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் உங்கள் கண்மாய் பச்சையில் (முன்அனுமதி தேவையில்லாத பகுதியில்) இருக்கிறதா என்று பாருங்கள், பச்சையில் 400 அடிவரை. மதுரை விமான நிலையத்தை ஒட்டிய ஊர்க்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். வரைபடம் ஒருபுறம் இருக்க, ஆடு மேய்ப்பவரிடம் முதலில் போய்ப் பேசிவிடுங்கள். நடைமுறையில் அந்தக் கண்மாயின் வான்வெளிக் கட்டுப்பாட்டு அதிகாரி அவர்தான்.

6 மே

பறந்துவிட்டது! அவர் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால்: கிளம்பும்போது இடப்பக்கம் இழுத்தது, ரட்டர் கொடுக்க வேண்டியிருந்தது, மேலே போனதும் அமைதி. வளைக்கும்போது மட்டும் மூக்கு எதிர்ப்பக்கம் ஒரு கணம் போய்விட்டுத் திரும்புகிறதாம்.

முதலாவது வால் சக்கரத்தின் குணம், த்ராட்டிலை மெதுவாகத் திறந்து பழக வேண்டும். இரண்டாவதுக்குத் தீர்வு இருக்கிறது. எய்லரான் கீழே இறங்கும் பக்கம் இழுவிசை அதிகம், அதுதான் மூக்கை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. மேலே போகும் எய்லரான் அதிகமாகவும் கீழே போவது குறைவாகவும் அசைய வேண்டும். மேலே 12 மி.மீ., கீழே 7 மி.மீ. என்று தொடங்குங்கள். இரண்டு சர்வோ இருந்தால் ரேடியோவிலேயே போடலாம், ஒன்றுதான் என்றால் சர்வோக் கையில் பக்கவாட்டில் தள்ளியிருக்கும் துளைக்குக் கம்பியை மாற்றுங்கள். எக்ஸ்போ (குச்சியின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் ரேடியோ அமைப்பு) 30 சதவீதம்.

7 மே

இரண்டு சர்வோ இருப்பதால் எய்லரான்களையே ஃபிளாப்பாகவும் (மெதுவாக இறங்க உதவும் பலகையாகவும்) இறக்கலாமே என்று அதற்குள் ஒரு யோசனை வந்திருக்கிறது. கண்மாய் சின்னது, மெதுவாக இறங்க வேண்டும் என்ற நோக்கம் புரிகிறது. இரண்டு எய்லரானும் கீழே இறங்கினால் இறக்கை நுனி முதலில் தூக்குவிசையை இழக்கும், மெதுவாக வரும்போது ஒரு பக்கம் மடக்கென்று விழும், அந்த உயரத்தில் திருத்த நேரமில்லை. நான் இதை விரும்புவதில்லை.

15 மே

அதே விஷயத்தைத் திரும்ப யோசித்தேன். இறக்குவதற்குப் பதில் இரண்டையும் மேலே தூக்கலாம், 6, 7 மி.மீ. போதும். தூக்குவிசை குறையும், இழுவிசை கூடும், நுனியில் கோணம் குறைவதால் விழும் பயமும் குறைகிறது. விமானம் மிதந்துகொண்டே கரையைத் தாண்டிப் போகும் தொல்லைக்கு இது நல்ல மருந்து. கொஞ்சம் வேகமாக இறங்கும், அதற்குத்தான் 90 மி.மீ. சக்கரம். முதலில் உயரத்தில் போட்டுப் பாருங்கள், மூக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்து எலிவேட்டரைக் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள். ஃபிளாப்பில் எனக்கு இருந்த வெறுப்பில் இந்த வழியை அன்றைக்கே எழுதாமல் விட்டேன்.

22 ஜூலை

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், 2.5 கிலோ பால்சாவைக் கேட்கவா வேண்டும். ஜைரோ (சாய்வை உணர்ந்து பலகைகளைத் தானே திருத்தும் கருவி) பொருத்தலாமா என்ற கேள்வி இந்தக் காற்றுக்காகத்தான் வந்திருக்கிறது. பொருத்தலாம், குதிப்பை நன்றாகவே அடக்கும். ஒரே ஒரு சோதனை: கையில் பிடித்து வலப்பக்கம் சாய்த்தால் வல எய்லரான் கீழே இறங்க வேண்டும், மூக்கைத் தாழ்த்தினால் எலிவேட்டர் மேலே போக வேண்டும். தலைகீழாக இருந்தால் ஜைரோ விமானத்தைக் காப்பாற்றாது, கவிழ்க்கும். பேட்டரி மாட்டும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

ரிசீவரின் ஃபெயில்சேஃபில் (ரேடியோத் தொடர்பு அறுந்தால் செயல்படும் அமைப்பில்) த்ராட்டில் பூஜ்யம் என்று வைத்திருக்கிறீர்களா? யாரும் கேட்கவில்லை, நானே கேட்கிறேன். இரண்டு ஆன்டெனாவும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கட்டும்.

பருந்து துரத்துகிறது என்று ஒரு புகார். எங்களையும் துரத்தும். அதோடு மல்லுக்கு நிற்காமல் இறக்கிவிடுங்கள்.

30 ஆகஸ்ட்

டைஹீட்ரலைப் பாதியாகக் குறைக்க இப்போது சம்மதமா என்று கேட்கிறார். இப்போது சம்மதம். குச்சியிலிருந்து கையை எடுத்தாலும் விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரிகிறது, பக்கக்காற்றில் இறக்கத் தெரிகிறது. ஆனால் பழைய இறக்கையை வெட்டாதீர்கள். விலா எலும்புகளைப் படியெடுத்து, 3 மி.மீ. பால்சாவில் இன்னொரு இறக்கை கட்டுங்கள். ஜாயினர் மட்டும் வேறு கோணம். உங்கள் தங்கையோ பக்கத்து வீட்டுப் பையனோ பழக வந்தால் பழைய இறக்கையை மாட்டிக்கொடுக்கலாம்.

18 நவம்பர்

மழை பெய்து கண்மாய் நிறைந்துவிட்டது, ஓடுபாதை போய்விட்டது. அதனால் மிதவை மாட்டலாமா என்று இதே இழையில் கேட்டிருக்கிறார். இந்த ஆள் அடங்க மாட்டார்.

மாட்டலாம். மிதவை நீளம் உடல் நீளத்தில் முக்கால் பங்கு. மிதவையின் அடியில் இருக்கும் படி போன்ற வெட்டு சமநிலைப் புள்ளிக்கு நேர் கீழே, அல்லது ஒரு செ.மீ. பின்னால் வர வேண்டும், இல்லையென்றால் தண்ணீரைவிட்டுப் பிரியாது. தெர்மாகோலை வெட்டி, மெல்லிய கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸியில் ஒட்டுங்கள். பாலியஸ்டர் ரெசின் போட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும். இரண்டும் சேர்ந்து 350 கிராமுக்குள் வந்தால் நல்லது, ஏற்கெனவே போட்ட எடைக் கணக்கு இங்கேயும் பொருந்தும். புதிய இறக்கையை மாட்டாதீர்கள், பழையதையே மாட்டுங்கள். மிதவைகள் கீழே பக்கவாட்டுப் பரப்பைக் கூட்டுவதால் விமானம் நேராக நிற்க டைஹீட்ரல் இருப்பது நல்லது. வாலுக்கடியில் சின்னத் துடுப்பு ஒன்றும் தேவைப்படலாம்.

விழுந்தால் எடுக்கப் பரிசல் யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கண்மாய் மீன் ஏலம் எடுத்தவரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.